கணக்கு வாத்தியார்கள் வளர்த்த ஆட்டம்: ருமேனியாவின் கோ வீரர்கள்

குரா ஹுமொருலுய் என்ற பெயரைச் சொல்வதற்கே நாக்குக்குக் கொஞ்சம் பழக்கம் வேண்டும். ருமேனியாவின் வடக்கே, புகோவினா பகுதியில், கார்பாத்திய மலைகளுக்கு நடுவே இருக்கும் சிற்றூர் அது. ஊரை ஒட்டிய வொரோனெட்ஸ் மடாலயத்தைப் பார்க்கத்தான் வெளியாட்கள் அங்கே போகிறார்கள். 1488-இல் கட்டிய கோவில். வெளிச்சுவர்களிலும் ஓவியங்கள். அந்த ஓவியங்களின் நீலத்துக்கு ‘வொரோனெட்ஸ் நீலம்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. அந்த ஊரில் 1973-இல் பிறந்த கத்தலின் த்ஸரானு என்பவர், கருப்பு வெள்ளைக் கற்களை வைத்துப் பலகையில் ஆடும் கோ என்ற ஆட்டத்தில், 1997-இல் ஜப்பானில் தொழில்முறை வீரர் ஆனார். 2001-இல் ஐந்தாம் டான் தகுதிக்கு உயர்ந்தார். ஜப்பானியத் தொழில்முறை வீரர்களின் வரிசையில் இடம்பிடித்த மேற்கத்தியர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களில் ஒருவர் இந்த மலையூர்க்காரர்.

ருமேனியாவும் கோ ஆட்டமும் என்று பேச்சு வந்தால் எல்லோரும் த்ஸரானுவைச் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். அவர் பெரிய வீரர், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு மேதை எங்கிருந்தோ முளைத்தார், நாடு பெயர் பெற்றது என்று கதையை முடித்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. அவருக்கு முன்னால் அங்கே ஓர் அடுக்கு இருந்தது. அவரோடு கூடவே வளர்ந்த ஒரு கூட்டம் இருந்தது. இயோன் ஃப்ளோரெஸ்கு, சோரின் கெர்மன், ராபர்ட் மதயெஸ்கு, கிறிஸ்டியன் போப், கோர்னெல் புர்ஸோ என்று ஐரோப்பிய கோ வட்டத்தில் யாரைக் கேட்டாலும் தெரிந்த பெயர்கள் அந்த நாட்டிலிருந்து வரிசையாக வந்தன. மூன்று கோடிப் பேர்கூட இல்லாத நாட்டில், கோ என்ற சொல்லே 1980-க்கு முன் அநேகமாக யாருக்கும் தெரியாத இடத்தில், இது எப்படி நடந்தது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

முதலில் ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். தமிழில் ‘கோ’ என்றால் அரசன். இந்த ஆட்டத்தில் அரசன் இல்லை, மந்திரி இல்லை, குதிரையும் யானையும் இல்லை. குறுக்கிலும் நெடுக்கிலும் 19 கோடுகள். அவை வெட்டிக்கொள்ளும் 361 புள்ளிகள். கருப்புக் கல் ஒருவருக்கு, வெள்ளைக் கல் மற்றவருக்கு. மாறி மாறிக் கல் வைக்க வேண்டும். வைத்த கல்லை நகர்த்த முடியாது. ஒரு கல்லைச் சுற்றி ஒட்டியிருக்கும் காலிப் புள்ளிகள் அதன் மூச்சு. எதிராளி எல்லா மூச்சையும் அடைத்துவிட்டால் கல் பலகையை விட்டு வெளியேறும். ஆடுபுலி ஆட்டத்தில் ஆடுகள் புலியை நெருக்கி அசையவிடாமல் செய்வதைப் பார்த்தவர்களுக்கு அந்த உணர்வு புரியும். ஆனால் கோ ஆட்டத்தில் பிடிப்பது நோக்கமல்ல. நிலம் சேர்ப்பதுதான் நோக்கம். கடைசியில் யார் வளைத்துப்போட்ட பரப்பு அதிகமோ அவர் வென்றவர். விதிகளை அரை மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். சீனாவில் பிறந்து இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் ஆட்டம் இன்னும் தீர்ந்தபாடில்லை.

தகுதி அளக்கும் முறையையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அது தெரியாமல் ‘ஆறு டான்’ என்பதன் எடை விளங்காது. தொடக்கக்காரர்கள் க்யூ வரிசையில் இருப்பார்கள். எண் குறையக் குறையத் தகுதி கூடும். முதல் க்யூவைத் தாண்டினால் முதல் டான்; அதன்பிறகு எண் ஏறிக்கொண்டே போகும். அமெச்சூர் ஆட்டத்தில் ஒரு தகுதி வித்தியாசத்துக்கு ஒரு கல் என்பது கணக்கு. முதல் டான் ஆட்டக்காரர் ஆறாம் டானோடு சமமாக மோத வேண்டுமானால், ஆட்டம் தொடங்கும் முன்பே ஐந்து கற்களைப் பலகையில் வைத்துக்கொள்ளலாம். ஐரோப்பிய கோ கூட்டமைப்பின் புள்ளி முறையில் முதல் டானுக்கு 2100, ஒவ்வொரு டானுக்கும் நூறு கூட்டி, ஏழாம் டானுக்கு 2700. நான் கோ கற்ற புதிதில் இணையத்தில் ஒரு ருமேனியரோடு ஆடினேன். ஒன்பது கற்களை முன்கூட்டியே வைத்துக்கொண்டுதான் ஆடினேன். பலகையின் நான்கு மூலைகளும் எனக்குச் சொந்தம் என்ற நிலையில் தொடங்கிய ஆட்டம். முக்கால் மணி நேரத்தில் மூன்று மூலைகளைப் பறிகொடுத்தேன். அவர் ஒரு தடவைகூட அவசரப்படவில்லை, மிரட்டவில்லை. என் கற்கள் ஒன்றையொன்று நம்ப முடியாதபடி நடுவே ஒவ்வொரு கல்லாக வைத்துக்கொண்டே போனார். முடிந்ததும், எந்த இடத்தில் நான் முதலில் பயந்தேன் என்று காட்டினார். அந்தப் பழக்கம், தோற்றவரோடு உட்கார்ந்து ஆட்டத்தைத் திரும்ப வைத்துப் பார்ப்பது, கோ ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் உண்டு. ருமேனியர்களிடம் அது கணக்கு வகுப்பின் சாயலோடு இருந்தது என்று எனக்குத் தோன்றியது. பிறகு அந்த நாட்டின் கதையைத் தேடிப் படித்தபோது, தோன்றியது தவறில்லை என்று புரிந்தது.

1980-களின் ருமேனியா இருண்ட நாடு; சொல்லளவில் மட்டுமல்ல, நிஜமாகவே இருண்ட நாடு. சர்வாதிகாரி சௌஷெஸ்குவின் கம்யூனிஸ்ட் அரசு வெளிநாட்டுக் கடனை அடைப்பதற்காக மக்களின் வயிற்றையும் விளக்கையும் கட்டிப்போட்டது. குளிர்காலத்தில் வீடுகளுக்குச் சூடு இல்லை, தெருவில் வெளிச்சம் இல்லை, கடையில் இறைச்சி இல்லை. தொலைக்காட்சி வேலைநாட்களில் இரண்டு மணி நேரத்துக்குச் சுருங்கியது. அதிலும் பெரும்பகுதி தலைவரின் புகழ். வெளிநாடு செல்வது கனவு. இப்படிப்பட்ட மாலைப் பொழுதுகளில், ஒரு தாளில் கோடு போட்டுக்கொண்டு, இரண்டு நிறத்தில் எதையாவது காய்களாக வைத்துக்கொண்டு ஆடக்கூடிய ஓர் ஆட்டம் எத்தனை பெரிய வெளி! அதற்கு மின்சாரம் வேண்டாம், இறக்குமதி வேண்டாம், அரசியல் பேச வேண்டியதில்லை. வேண்டியது எதிரில் உட்கார இன்னொரு மூளை.

அந்த மூளைகள் ருமேனியாவில் தாராளமாக இருந்தன. கணிதம் அந்த நாட்டில் கிட்டத்தட்ட ஒரு குலத்தொழில் மாதிரி போற்றப்பட்டது. மாணவர்களுக்கான ‘கஸேட்டா மதமாதிகா’ என்ற கணித இதழ் 1895 முதல் வந்துகொண்டிருக்கிறது. கிராமப் பள்ளி மாணவன் அதில் வரும் கணக்கைத் தீர்த்து அனுப்பினால் அவன் பெயர் அச்சில் வரும். சர்வதேசக் கணித ஒலிம்பியாட் என்பதைத் தொடங்கிவைத்ததே ருமேனியாதான். 1959-இல் பிராஷோவிலும் புக்கரெஸ்டிலும் நடந்த முதல் போட்டிக்கு ஏழு நாடுகளிலிருந்து 52 மாணவர்கள் வந்தார்கள், முதலிடம் ருமேனியாவுக்கு. கொள்கைப் பேச்சு நுழைய முடியாத துறை என்பதால், சர்வாதிகாரக் காலத்தில் கூர்மையான பிள்ளைகள் பலர் கணிதத்தில் போய் ஒதுங்கினார்கள். பொய் சொல்ல வேண்டிய கட்டாயம் அங்கே குறைவு.

கோ இந்த வாசல் வழியாகத்தான் உள்ளே வந்தது. கியோர்கே பவுன் என்ற பெயரைக் கணினி அறிவியல் படித்தவர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். 1950-இல் பிறந்தவர், உயிரணுவின் சவ்வுகளுக்குள் நடக்கும் வேலையை முன்மாதிரியாக வைத்து ‘சவ்வுக் கணிமை’ என்ற துறையை 1998-இல் தொடங்கிவைத்தவர். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே அவர் ருமேனிய மொழியில் கோ பற்றி எழுதத் தொடங்கியிருந்தார். விதிகள், பயிற்சிக் கணக்குகள், ஆட்ட விளக்கங்கள். ஒரு நாட்டில் ஓர் ஆட்டம் வேர் பிடிக்க வேண்டுமானால் அது அந்த நாட்டு மொழியில் பேச வேண்டும். ஜப்பானிய மொழியிலும் ஆங்கிலத்திலும் நல்ல நூல்கள் இருந்தன. அவை ருமேனியாவின் எல்லையைத் தாண்டி வருவது அன்று லேசான காரியம் இல்லை. பவுன் எழுதியது புத்தகக் கடையில் கிடைத்தது. இந்த ஒரு வேறுபாட்டுக்குப் பலரும் தரும் மதிப்பைவிட நான் அதிக மதிப்புத் தருவேன்.

இன்னொருவர் கிறிஸ்டியன் கொபேலி, எண்கோட்பாட்டு ஆய்வாளர். 1989-இல் பதினாறு வயதுப் பையனாக இருந்த த்ஸரானுவுக்குக் கோ கற்றுக்கொடுத்தவர் இவர்தான். பதினாறு என்பது இந்த ஆட்டத்தில் முதுமை. ஜப்பானிலும் கொரியாவிலும் சீனாவிலும் தொழில்முறைக்குப் போகும் பிள்ளைகள் ஐந்து, ஆறு வயதில் கல்லைத் தொட்டிருப்பார்கள். பத்து வயதில் ஆசிரியர் வீட்டிலேயே தங்கிக் கற்பவர்களும் உண்டு. பதினாறில் தொடங்கிய ஒருவர் இருபத்து நான்கில் ஜப்பானியத் தொழில்முறைத் தகுதி பெற்றார் என்றால், நடுவே இருந்த எட்டு ஆண்டுகளில் அவர் ஆட்டத்தைத் தவிர வேறு எதையும் பெரிதாக நினைத்திருக்க முடியாது.

ருமேனியர்கள் கோ ஆட்டத்தைக் கணிதமாகவே பார்த்தார்கள் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. அதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம், எனக்கு இந்த விஷயத்தில் ஆகப் பிடித்த பகுதி இதுதான்.

கோ கற்கும் எவரும் முதல் வாரத்திலேயே ‘ஏணி’ என்ற உத்தியைக் கற்றுக்கொள்வார்கள். எதிராளியின் கல்லுக்கு இரண்டே மூச்சு மிச்சம். நீங்கள் ஒன்றை அடைக்கிறீர்கள். இப்போது அதற்கு ஒரே மூச்சு. இந்த நிலைக்கு ‘அதாரி’ என்று பெயர். அவர் தப்பிக்கப் பக்கத்தில் இன்னொரு கல் வைத்து நீட்டுகிறார், மூச்சு இரண்டாகிறது. நீங்கள் மறுபக்கத்திலிருந்து ஒன்றை அடைக்கிறீர்கள். மறுபடி அதாரி. அவர் மறுபடி நீட்டுகிறார். வலது, இடது, வலது, இடது என்று படிக்கட்டு மாதிரி அந்தச் சங்கிலி பலகையின் குறுக்கே கோணல்மாணலாக ஓடி, கடைசியில் விளிம்பில் முட்டி நின்று மொத்தமாகச் செத்துப்போகும். ஆனால் அந்த வழியில் எங்கேயாவது அவருடைய கல் ஒன்று முன்பே காத்திருந்தால், ஓடி வந்த சங்கிலி அதோடு கைகோத்துக்கொள்ளும். அப்போது துரத்தியவரின் கதி பரிதாபம்: படிக்கட்டின் இருபுறமும் அவர் வைத்த கற்கள் எல்லாம் வெட்டுக்கு வாகாக, ஒன்றுக்கொன்று துணையில்லாமல் நிற்கும். அதனால்தான் பெரியவர்கள் ‘ஏணி தெரியாமல் கோ ஆடாதே’ என்பார்கள்.

வெற்றுப் பலகையில் ஏணியைக் கண்ணாலேயே பார்த்துச் சொல்லிவிடலாம். வழியில் கற்கள் சிதறிக் கிடந்தால்? ஏணி திரும்பும், பிளக்கும், இரண்டு வழிகளில் எது என்று துரத்துபவரோ ஓடுபவரோ தேர்ந்தெடுக்க வேண்டிவரும். மார்செல் க்ரிஷ்மாரு என்ற ருமேனியர், ஜான் ட்ரோம்ப் என்ற டச்சுக்காரரோடு சேர்ந்து 2000-இல் ஒரு நிரூபணம் வெளியிட்டார். பலகையின் அளவை எவ்வளவு வேண்டுமானாலும் பெருக்கிக்கொள்ளலாம் என்று வைத்துக்கொண்டால், ஓர் ஏணியில் பிடிபடுமா தப்புமா என்று தீர்மானிப்பது கணினி அறிவியல் அறிந்த மிகக் கடினமான ஒரு வகைக் கணக்குகளுக்குச் சமம் என்பதே அது. தர்க்க வாய்பாடு எதைக் கொடுத்தாலும், அதற்கு ஈடான கல் அமைப்பை வரைந்து, ‘வாய்பாடு உண்மையானால் கல் செத்தது, பொய்யானால் தப்பியது’ என்று ஆக்கிவிட முடியும். முதல் வாரப் பாடத்துக்குள் இவ்வளவு ஆழம். க்ரிஷ்மாரு அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, ஒரு குழு வாழுமா சாகுமா என்ற பயிற்சிக் கணக்குகள் எவ்வளவு கடினமானவை என்பது பற்றியும் எழுதியிருந்தார். ஆட்டத்தைப் பொழுதுபோக்காக மட்டும் பார்த்த ஒரு சூழலிலிருந்து இப்படிப்பட்ட வேலை வந்திருக்காது.

ஆனால் கணிதம் ஓர் ஆட்டக்காரரை ஓரளவுக்குத்தான் கொண்டுபோகும். வாசிப்பு, அதாவது பத்து இருபது கல் முன்னால் மனத்துக்குள் வைத்துப் பார்ப்பது, கணக்குப் போடுகிறவர்களுக்கு வசப்படும். பலகை கிட்டத்தட்டக் காலியாக இருக்கும் தொடக்கத்தில் எங்கே வைப்பது, எந்தக் கல்லைக் கைவிடுவது, எப்போது சண்டையை விட்டு நகர்வது என்பதெல்லாம் வலுவானவர்களோடு ஆடி ஆடித்தான் வரும். அதற்கு ருமேனியாவில் யாரும் இல்லை. 1989 டிசம்பரில் ஆட்சி கவிழ்ந்தது, கதவு திறந்தது. அந்தக் கதவுக்கு வெளியே, சரியான நேரத்தில், ஒரு ஜப்பானியர் நின்றுகொண்டிருந்தார்.

சாய்ஜோ மசதாக்கா நாகோயாவைச் சேர்ந்த தொழில்முறை வீரர், எட்டாம் டான். ஜப்பானிய கோ அமைப்பான நிஹோன் கி-இன்னின் நாகோயாக் கிளையில் ஆடியவர். ஐரோப்பாவில் கோ பரவ வேண்டும் என்று உழைத்த ஜப்பானியர்கள் அந்தத் தலைமுறையில் பலர் இருந்தார்கள். இவாமோதோ கவோரு என்ற தொழில்முறை வீரர் தந்த நிதியில்தான் 1992-இல் நெதர்லாந்தின் ஆம்ஸ்டெல்வேனில் ஐரோப்பிய கோ மையம் எழுந்தது. 1945 ஆகஸ்டு 6 காலையில் ஹிரோஷிமாவின் புறநகரில் பட்டத்துக்கான ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தபோது அணுகுண்டின் அதிர்ச்சியில் கற்கள் சிதற, கற்களை மறுபடி அடுக்கி ஆட்டத்தை முடித்தாரே, அதே இவாமோதோ. சாய்ஜோ இன்னும் நேரடியான வழியை எடுத்தார். 1995-இல் த்ஸரானுவை ஜப்பானுக்கு அழைத்து, இன்செய் ஆக்கினார்.

இன்செய் என்றால் தொழில்முறைக்குப் படிக்கும் மாணவர். அங்கே பாடம் நடத்துவதைவிட ஆட வைப்பதுதான் அதிகம். இன்செய்கள் தங்களுக்குள் லீக் முறையில் மோதுவார்கள். வென்றால் மேல் வரிசை, தோற்றால் கீழ் வரிசை. வெற்றி தோல்வி எல்லாம் எல்லோர் கண்ணிலும் படும். உள்ளே இருப்பவர்கள் சிறுவர்களும் பதின்வயதினரும். அவர்கள் நடுவே 22 வயது ஐரோப்பியர் ஒருவர், புரியாத மொழியில், தன்னைவிடப் பத்து வயது குறைந்த பையனிடம் தோற்று, தலை குனிந்து வணங்கி, கற்களைக் கிண்ணத்தில் அள்ளிப் போட்டுவிட்டு, மறுநாள் திரும்ப வந்து உட்கார்வதை நினைத்துப் பாருங்கள். ஜப்பானியக் கற்கள் கிளிஞ்சலிலும் ஸ்லேட் கல்லிலும் செய்தவை. ஆள்காட்டி விரலின் நகத்துக்கும் நடுவிரலின் சதைக்கும் நடுவே பிடித்து மரப்பலகையில் வைக்கும்போது ஒரு கணீர் ஒலி வரும். அந்த ஒலியில் ஆடுகிறவரின் துணிவு தெரியும் என்பார்கள். தாளில் கோடு போட்டு ஆடிய நாட்டிலிருந்து அங்கே போனவர் த்ஸரானு. ருமேனிய மொழியில் ‘த்ஸரான்’ என்றால் குடியானவன்; அந்தப் பெயர் அவருக்குப் பொருந்தித்தான் இருக்கிறது, ஏனென்றால் அது விளைச்சலுக்காகக் காத்திருக்கும் வேலை.

1997-இல் அவர் முதல் டான் தொழில்முறை வீரர் ஆனார். அதே ஆண்டில் ஜெர்மனியின் ஹான்ஸ் பீட்ச் என்பவரும் ஆனார். இரண்டு ஐரோப்பியர்கள் ஒரே ஆண்டில்! அமெரிக்காவின் மைக்கேல் ரெட்மண்ட் 2000-இல் ஒன்பதாம் டானுக்கு உயர்ந்ததையும் சேர்த்துப் பார்த்தால், மேற்கத்தியர்களுக்கு அது பொற்காலம்போல இருந்தது. அது நீடிக்கவில்லை. பீட்ச் 2003 ஜனவரியில், கோ ஆட்டத்தை அறிமுகப்படுத்துவதற்காகப் போயிருந்த குவாத்தமாலாவில் கொள்ளையர்களால் சுட்டுக் கொல்லப்பட்டார். ஜப்பானியர்கள் அவருக்கு இறந்தபின் ஆறாம் டான் வழங்கினார்கள். இந்தக் கட்டுரைக்கு அது நேரடியாகத் தொடர்பில்லாத செய்தி என்றாலும், த்ஸரானுவைப் பற்றி எழுதும்போது பீட்சை எழுதாமல் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை.

தொழில்முறை டானையும் அமெச்சூர் டானையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. அமெச்சூரில் ஒரு டான் வித்தியாசம் ஒரு முழுக் கல். தொழில்முறையில் முதல் டானுக்கும் ஒன்பதாம் டானுக்கும் நடுவே உள்ள தூரமே இரண்டு மூன்று கற்கள்தான். முதல் டான் தொழில்முறை வீரரே ஐரோப்பாவில் யாரையும் அச்சுறுத்தக்கூடியவர். ஆக, ஐந்தாம் டான் தொழில்முறை வீரரான த்ஸரானு, ஐரோப்பாவுக்குத் திரும்பி வந்து 2008-இல் ஸ்வீடனின் லெக்ஸாண்ட் ஊரில் ஐரோப்பிய சாம்பியன் பட்டம் வென்றது, எதிர்பாராத அதிசயம் இல்லை. ஆனால் எளிதான வெற்றியும் இல்லை. அலெக்சாண்டர் தினெர்ஷ்டைன், இல்யா ஷிக்‌ஷின் போன்ற ரஷ்யர்கள் கொரியப் பள்ளியின் கூர்மையோடு ஐரோப்பாவை ஆண்டுகொண்டிருந்த காலம் அது. தினெர்ஷ்டைன் 2002 முதல் நான்கு ஆண்டுகள் தொடர்ந்து பட்டம் வென்றவர். 2007-இல் ஷிக்‌ஷின் வென்றார். 2009-இல் மறுபடி தினெர்ஷ்டைன். அந்த வரிசைக்குள் ஒரு ருமேனியப் பெயர் நுழைந்தது.

என்னைக் கேட்டால், அந்த ஒரு பட்டத்தைவிட, கூடவே இருந்தவர்களின் எண்ணிக்கைதான் பெரிய செய்தி. கிறிஸ்டியன் போப் ஜப்பானில் தொழில்முறை வீரர் ஆகாமலேயே ஏழாம் டான் வரை வந்தவர். ஐரோப்பாவில் அமெச்சூராக அதற்கு மேல் படி கிடையாது. கோர்னெல் புர்ஸோ ஆறாம் டான். ஐரோப்பாவின் போட்டிக் கூடங்களில் ஆண்டுக்கணக்கில் மேல்மேசைகளில் பார்க்க முடிந்த முகம். ஃப்ளோரெஸ்குவும் மதயெஸ்குவும் முதல் தலைமுறை. கெர்மன் ஜப்பானில் இன்செய்யாகப் படித்துவிட்டுப் பின்னர் அமெரிக்காவில் குடியேறியவர். புகோவினாவிலேயே, கனிம நீரூற்றுகளுக்குப் பெயர்போன வத்ரா தோர்னெய் என்ற சிறிய மலைநகரம் கோ பயிற்சிக்குப் பெயர் பெற்றது. தலைநகரில் மட்டும் கூடியிருந்தால் இந்த ஆட்டம் ஒரு பல்கலைக்கழகக் கழகத்தோடு முடிந்திருக்கும். மலையூர்களில் பிள்ளைகள் கையில் கல் இருந்ததால்தான் தலைமுறை தொடர்ந்தது.

நாடுகளின் அணிகள் மோதும் போட்டியில் இந்த அடர்த்தியின் பயன் தெரியும். 2010-இல் தொடங்கிய பாண்டாநெட் ஐரோப்பிய அணிப் போட்டியில் ஒரு நாட்டுக்கு நான்கு பலகைகள். முதல் பலகையில் ஒரு மேதை இருந்து மற்ற மூன்றும் சொத்தையானால் பயனில்லை. ருமேனியாவின் நான்காவது பலகையில் உட்கார்பவர் பல நாடுகளில் முதல் பலகையில் உட்காரக்கூடியவராக இருந்தார். மேல் வரிசையில் ரஷ்யா, உக்ரைன், பிரான்ஸ், செக் நாடு ஆகியவற்றோடு அந்த நாடு நிலைத்து நின்றதற்கு அதுதான் காரணம். போட்டி இணையம் வழியாக நடப்பது. அதுவும் ருமேனியர்களுக்கு வாகானது. விமானச் சீட்டுக்குப் பணமில்லாத மாணவர்கள் வலுவான எதிராளிகளைச் சந்தித்தது இணையக் கோ சர்வர்களில்தான். முதல் சர்வர் 1992-இல் வந்தது. பல்கலைக்கழகக் கணினி அறைகள் வழியாக உலகம் அவர்களைத் தேடி வந்தது.

இதன் மறுபக்கம் வருத்தமானது. 1992 கணக்கெடுப்பில் ருமேனியாவின் மக்கள்தொகை இரண்டேகால் கோடியைத் தாண்டியிருந்தது. 2021-இல் ஒரு கோடியே தொண்ணூறு லட்சமாகச் சுருங்கிவிட்டது. இடையில் லட்சக்கணக்கானோர் மேற்கு ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் வேலை தேடிப் போய்விட்டார்கள். கணிதம் நன்றாகத் தெரிந்தவர்களுக்குத்தான் கதவு முதலில் திறந்தது. அதாவது, கோ ஆட்டத்தை வளர்த்த அதே கூட்டம்தான் முதலில் வெளியேறியது. ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்து வாழ்வது ஐரோப்பாவில் எங்குமே கடினம். ருமேனியாவில் இன்னும் கடினம். ஆறாம் டானாக இருக்கும் இருபது வயது இளைஞனுக்கு ஒரு மென்பொருள் நிறுவனம் தரும் சம்பளத்தோடு எந்தக் கோ பரிசும் போட்டி போட முடியாது. அவன் ஆட்டத்தை விட்டுவிடுவதில்லை. ஆனால் வார இறுதி ஆட்டக்காரன் ஆகிவிடுகிறான். ஒருவர் வார இறுதி ஆட்டக்காரர் ஆகும்போது, அவரிடம் கற்றிருக்கக்கூடிய பத்துப் பிள்ளைகளும் போய்விடுகிறார்கள்.

ஐரோப்பிய கோ கூட்டமைப்பு 2014-இல் தனக்கென்று தொழில்முறை அமைப்பை உருவாக்கியபோது, முதலில் தகுதி பெற்றவர்கள் ஸ்லோவாக்கியாவின் பவோல் லிசியும் இஸ்ரேலின் அலி ஜபாரினும். அடுத்தடுத்து போலந்து, ரஷ்யா, உக்ரைன் நாட்டவர்கள் வந்தார்கள். அந்த முதல் ஆண்டுகளின் பட்டியலில் ருமேனியர் இல்லை. அது திறமைக் குறைவு என்று நான் நினைக்கவில்லை. அந்தத் தேர்வுக்குத் தயாராக, பதினெட்டு வயதில் எல்லாவற்றையும் ஓரம் வைத்துவிட்டுச் சீனாவிலோ கொரியாவிலோ சில ஆண்டுகள் ஆட வேண்டும். 1995-இல் சாய்ஜோ மாதிரி ஒருவர் கையைப் பிடித்து அழைத்துப் போனார். 2014-இல் அப்படி அழைக்க ருமேனியாவின் வாசலில் யாரும் நிற்கவில்லை.

தற்செயலாக அதே 2014-இல் ஐரோப்பிய கோ மாநாடு ருமேனியாவின் சிபியு நகரில் நடந்தது. திரான்சில்வேனியாவின் பழைய ஜெர்மானியர் குடியிருப்பு நகரம் அது. கூரைகளில் கண் இமைபோல நீண்ட ஜன்னல்கள் ஊரையே பார்த்துக்கொண்டிருக்கும். கோ ஆட்டத்தில் கற்களின் ஒரு குழு உயிரோடு இருக்க, அது சூழ்ந்து வைத்திருக்கும் காலி இடமான ‘கண்’ இரண்டு வேண்டும். கண்கள் நிறைந்த அந்த ஊரில் ஐரோப்பியப் பட்டத்தை வென்றவர், பிரான்சில் வாழ்ந்த சீனரான ஃபான் ஹுவி. அடுத்த ஆண்டு அக்டோபரில் லண்டனில் அவர் ஆல்ஃபாகோ என்ற கணினி நிரலிடம் ஐந்து ஆட்டங்களில் ஐந்தையும் தோற்றார். 2016 மார்ச்சில் கொரியாவின் உச்ச வீரர் லீ செடோல் அதே நிரலிடம் 1–4 என்று தோற்றார். ஆட்டத்தின் அதிகாரம் ஆசிரியர்களின் கையிலிருந்து நழுவிவிட்டது என்று ஆசியாவில் பலர் கலங்கினார்கள்.

ருமேனியா போன்ற நாட்டிலிருந்து பார்த்தால் அந்தச் செய்திக்கு வேறு பொருள் உண்டு. அங்கே குறையாக இருந்ததே வலுவான எதிராளிதான். இன்று கட்டாகோ என்ற இலவச நிரலை ஒரு சாதாரணக் கணினியில் நிறுவிக்கொண்டால், எந்தத் தொழில்முறை வீரரையும்விட வலுவான ஒன்று மேசை மேல் உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொரு கல்லுக்கும் எத்தனை புள்ளி இழந்தாய் என்று எண்ணில் சொல்கிறது. கணக்குப் பழகிய பிள்ளைகளுக்கு இது இயல்பான மொழி. ஆனால் அது ஏன் என்று சொல்லாது. எந்த இடத்தில் பயந்தாய் என்று காட்டாது. எனக்கு ஒன்பது கல் கொடுத்து ஆடிய அந்த ருமேனியர் காட்டியது அதைத்தான். கொபேலி ஒரு பதினாறு வயதுப் பையனுக்குக் காட்டியதும் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

மாநாடு 2022-இல் மறுபடி ருமேனியாவுக்கு வந்தது. 1998-இல் கருங்கடல் கரையின் மாமையா, 2014-இல் சிபியு. இம்முறை மலைமேல் இருக்கும் பொயானா பிராஷோவ். ஐரோப்பிய மாநாடு என்பது இரண்டு வாரத் திருவிழா. முதன்மைப் போட்டியில் பத்துச் சுற்றுகள். சாம்பியனும் ஆட்டம் தொடங்கி மூன்று மாதமே ஆன சிறுமியும் தத்தம் தகுதிக்கு ஏற்ற மேசையில் ஒரே போட்டியில் ஆடுவார்கள். காலையில் ஆட்டம், மதியம் ஆட்ட விளக்கம், இரவில் யார் வேண்டுமானாலும் யாரோடும். கூடத்திலிருந்து வெளியே வந்து காட்டு வழியே கீழே இறங்கினால் பிராஷோவ் நகரம். 1959 ஜூலையில் 52 மாணவர்கள் முதல் கணித ஒலிம்பியாடின் கேள்வித்தாளைப் பிரித்தது அங்கேதான்.